மேசையில் கைவித்தை, பகடையில் சந்தேகம்: ஒரு கேம்பெய்னின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

டேபிள்டாப் ஆர்பிஜி ஆடும் ஒரு குழு. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் அது. கதையை நடத்தி, மற்ற பாத்திரங்களையெல்லாம் தானே பேசும் கேம் மாஸ்டர் ஒருவர், ஆட்டக்காரர்கள் ஐந்து பேர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜியின் ஐந்தாம் பதிப்பு விதிகளை வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடி ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் ஆடுவார்கள். கேம்பெய்ன், அதாவது பல அமர்வுகளாக நீளும் ஒரே கதை, நடுக்கட்டத்தை எட்டியிருந்தது. அடுத்து வரவிருந்த பகுதியில் குறி சொல்பவள் ஒருத்தி, நாணயத்தை வைத்துப் பேரம் பேசும் பூதம் ஒன்று, மூன்று சாவிகளில் ஒன்றை மட்டும் எடுக்கச் சொல்லும் காவலன் என்று மாயம் காட்டும் பாத்திரங்கள் பல இருந்தன.

“அவன் கையை மூடித் திறக்கிறான், நாணயத்தைக் காணோம்” என்று சொல்வதைவிட, மேசையிலேயே நாணயம் மறைந்தால் நன்றாக இருக்குமே என்பதுதான் கேம் மாஸ்டரின் எண்ணம். அவருக்கு மேஜிக்கில் முன் அனுபவம் கிடையாது. கைவசம் ஆறு வாரம் இருந்தது. ஆட்டக்காரர்களிடம் எதையும் முன்கூட்டிச் சொல்லக்கூடாது, சொன்னால் சுவை போய்விடும் என்று முடிவெடுத்தார். பின்னால் வந்த சிக்கலில் பெரும்பங்கு இந்த முடிவுக்கு உண்டு.

வித்தைகளைத் தேர்ந்த விதம்

தொடங்குபவர்களுக்கான பட்டியல்களில் முதலில் கண்ணில் படுவது 21 சீட்டு வித்தை. மூன்று வரிசையாக மூன்று முறை பரப்பினால், ஆட்டக்காரர் நினைத்த சீட்டு பதினொன்றாவது இடத்தில் வந்து நிற்கும். கைத்திறன் எதுவும் தேவையில்லை. ஆனால் 63 முறை சீட்டு போடவேண்டும். அதற்குள் கதையின் சூடு ஆறிவிடும். பலருக்குச் சிறு வயதிலிருந்தே தெரிந்த வித்தையும்கூட. அது கழிக்கப்பட்டது.

இரண்டு சீட்டுகளை ஒன்றுபோல் தூக்கிக் காட்டும் டபுள் லிஃப்ட்டும் கழிக்கப்பட்டது. அதைக் கூச்சமில்லாமல் செய்ய மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். இந்தக் குழுவின் சீட்டுகள் பிளாஸ்டிக் உறையில் வேறு இருந்தன. உறை போட்ட இரண்டு சீட்டுகள் விளிம்பு சேர்ந்து நிற்காது, வழுக்கும்.

நொடியில் எரிந்து சாம்பலே விடாத ஃபிளாஷ் பேப்பர்மீது கேம் மாஸ்டருக்கு ஆசை இருந்தது. அது நைட்ரோசெல்லுலோஸ். பல இடங்களில் ஈரமாக வைத்து விற்கப்படுவதற்குக் காரணம், உலர்ந்தால் ஒரு பொறியே போதும் என்பதுதான். மேசை நிறையக் காகித வரைபடங்கள், மங்கலான விளக்கு, குனிந்து பார்க்கும் ஐந்து தலைகள். இந்த இடத்தில் தீ வேண்டாம் என்று விட்டது சரியான முடிவு.

தேறியவை மூன்று: நாணயத்தை மறைக்கும் பிரெஞ்சு டிராப், குறிப்பிட்ட சீட்டையே எடுக்கவைக்கும் கிராஸ் கட் ஃபோர்ஸ், பல முடிவுகளுக்கும் தனித்தனி விடை தயாராக வைத்திருக்கும் உறை வித்தை. மூன்றும் தொடங்குபவரால் ஆறு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடியவை. ஆனால் முதலாவது ஒரு பொருளை மட்டும் மறைக்கிறது. மற்ற இரண்டும் ஆட்டக்காரரின் தேர்வையே மறைக்கின்றன. இந்த வேறுபாடு அப்போது யார் கண்ணிலும் படவில்லை.

பயிற்சி

பிரெஞ்சு டிராப்பில் நாணயம் இடது கையின் விரல் நுனிகளுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே, உள்ளங்கை மேல்நோக்கியிருக்க, படுக்கைவாக்கில் இருக்கும். வலது கை மேலிருந்து வரும். அதன் கட்டைவிரல் நாணயத்துக்கு அடியில் நுழையும், மற்ற விரல்கள் முன்பக்கம் மூடும். அந்த மறைவில் இடது கட்டைவிரல் விடுபட, நாணயம் இடது விரல்களின் அடிப்பகுதியில் விழுந்து தங்கும். வலது கை எடுத்துக்கொண்டதுபோல மூடி விலகிப் போகும்.

கேம் மாஸ்டரின் முதல் இரண்டு வாரப் பயிற்சியில் மூன்று பிழைகள் இருந்தன. கண் இடது கையிலேயே நின்றது. நாணயம் இருக்கும் கை விறைத்து, சுண்டுவிரல் தனியே நீட்டிக்கொண்டிருந்தது. வலது கையை மூடியதும் உடனே திறந்துகாட்டும் அவசரமும் இருந்தது. மூன்றையும் சரிசெய்தது ஒரே பயிற்சிதான்: நாணயத்தை உண்மையாகவே பத்து முறை எடுப்பது, பதினோராவது முறை பொய்யாக எடுப்பது, இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்ப்பது. உண்மையாக எடுக்கும்போது யாரும் வெறுங்கையைப் பார்ப்பதில்லை. பார்வை நாணயத்தோடு போகும். அந்தப் பார்வையைப் பொய்யிலும் கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்தது.

கண்ணாடி போதாது. அது எதிரே இருப்பவருக்குத் தெரிவதை மட்டும்தான் காட்டும். மேடையில் நிற்பவருக்குப் பார்வையாளர்கள் எல்லாரும் முன்னால் இருப்பார்கள். ஆர்பிஜி மேசையிலோ இருபக்கமும் ஆள். ஐந்து நாற்காலிகளிலும் உட்கார்ந்தவரின் கண் உயரத்தில் போனை ஒவ்வொன்றாக வைத்துப் படம்பிடித்ததில், இடது ஓர நாற்காலியிலிருந்து நாணயத்தின் விளிம்பு மின்னுவது தெரிந்தது. இடது கையை அரை அங்குலம் உட்புறமாகத் திருப்பியதும் அது மறைந்தது. பளபளப்பான சிறு நாணயத்துக்குப் பதில், 30 மில்லிமீட்டர் அளவில் மங்கிய உலோகப் போலி நாணயம் ஒன்றையும் தேர்ந்தார். சிறியது விரலிடுக்கில் நழுவும், மிகப் பெரியது மடங்கிய விரலுக்குள் அடங்காது.

இன்னொரு பயிற்சி பலரும் விட்டுவிடுவது: பூதத்தின் வசனத்தைப் பேசிக்கொண்டே வித்தையைச் செய்வது. மௌனமாகச் செய்யும்போது பிசகாத கை, பேச்சு தொடங்கியதும் தடுமாறும். வசனம் நின்றுபோகும் இடத்தில்தான் எல்லாரும் கையைப் பார்ப்பார்கள்.

முதல் அமர்வு: நாணயம்

தன் குறிப்புகளும் பகடையும் மற்றவர்களுக்குத் தெரியாமலிருக்க முன்னால் நிறுத்தும் மறைப்பு அட்டையைக் கேம் மாஸ்டர் முன்பே மடித்துக் கீழே வைத்துவிட்டார். அட்டைக்குப் பின்னால் கை ஒருமுறை போய்வந்தாலும், எல்லாம் அங்கேதான் நடந்தது என்று பார்ப்பவர்கள் முடிவுகட்டிவிடுவார்கள். மடியில் துணி விரித்து, நாற்காலியை மேசையோடு ஒட்டிப் போட்டிருந்தார். பூதம் நாணயத்தை வாங்கி, மூடி, ஊதித் திறந்தது; கை காலி. அதற்குள் இடது கை மேசை விளிம்பில் இயல்பாக ஓய்ந்து, நாணயம் மடிக்குப் போயிருந்தது. துணி இல்லாவிட்டால் அது தரையில் விழுந்து சத்தம் போட்டிருக்கும்.

மொத்தம் ஒன்றரை நிமிடம். ஐவரும் சிரித்தார்கள், ஒருவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஆட்டம் உடனே தொடர்ந்தது. பூதத்தை அடுத்த இரண்டு அமர்வுகளிலும் யாரும் அலட்சியமாக நடத்தவில்லை. கேம் மாஸ்டர் எதிர்பார்த்தது இதைத்தான்.

இரண்டாவது அமர்வு: விதிச் சீட்டு

குறி சொல்பவளுக்காக 30 சீட்டுகள் தயாராகியிருந்தன. வழக்கமான 63க்கு 88 மில்லிமீட்டர் அளவு. ஒவ்வொன்றிலும் ஒரு படம், ஒரு பலன். அதில் ‘உடைந்த வாள்’ வந்தால் எடுத்தவரின் பாத்திரம் தன் முதன்மை ஆயுதத்தை இழக்கும். கதையின் அடுத்த பகுதிக்கு அது தேவைப்பட்டது. போர்வீரனாக ஆடியவருக்கு அந்தச் சீட்டே போகும்படி கேம் மாஸ்டர் திட்டமிட்டார்.

அடியில் வைத்த ‘உடைந்த வாள்’, கையிலிருந்து கைக்குத் தள்ளிக் குலுக்கும்போது கடைசியாக ஒற்றையாக விழுந்தால் கட்டின் மேலே வந்துவிடும். உறை போட்ட சீட்டுகள் கொத்தாக விழுவதால் இந்தக் கடைசி ஒன்று பிசகக்கூடும். அதற்காகக் குலுக்கியபின் ஓரக்கண்ணால் மேல் சீட்டைச் சரிபார்த்துக்கொண்டார். ஆட்டக்காரர் கட்டை இரண்டாக வெட்டி, மேல்பாதியை மேசையில் வைத்தார். கேம் மாஸ்டர் அடிப்பாதியை அதன்மேல் குறுக்காக வைத்து, “வெட்டிய இடம் இதுதான்” என்றார். பிறகு குறிக்காரியின் குரலில் கால் நிமிடம் பேச்சு. அந்தப் பேச்சுதான் வித்தையே. எந்தப் பாதி எங்கிருந்தது என்பதை மனம் அதற்குள் மறந்துவிடுகிறது. குறுக்கே கிடந்த பாதியைத் தூக்கி, கீழ்ப்பாதியின் மேல்சீட்டை எடுக்கச் சொன்னால், அது தொடக்கத்தில் மேலே இருந்த அதே சீட்டு.

வித்தை பிசகில்லாமல் நடந்தது. போர்வீரன் தன் வாளை இழந்தான். ஆட்டக்காரர் வருத்தப்பட்டார், ஆனால் “என் கையால நானே எடுத்ததுதானே” என்று ஏற்றுக்கொண்டார். அடுத்த இரண்டு அமர்வுகளில் குழு எடுத்த முடிவுகள் பலவும் அந்த இழப்பைச் சுற்றியே அமைந்தன.

மூன்றாவது வித்தை, உடைந்த இடம்

இரும்பு, செம்பு, எலும்பு என மூன்று சாவிகள். அமர்வின் தொடக்கத்தில் ஒட்டிய உறை ஒன்றை மேசை நடுவில் வைத்து, “நீங்கள் எதை எடுப்பீர்கள் என்று காவலனுக்கு முன்பே தெரியும்” என்றார் கேம் மாஸ்டர். உறைக்குள் எழுதியிருந்தது இரும்பு. செம்பை எடுத்தால் வரைபடத்தைத் திருப்பிக் காட்டவேண்டும்; பின்பக்கம் அது எழுதப்பட்டிருந்தது. எலும்புக்கான விடை மெழுகுவர்த்தி வடிவ விளக்கின் அடியில். முடிவு எப்படி வெளிப்படும் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது என்பதால் மூன்றில் எது நடந்தாலும் வியப்பு ஒன்றே. இரும்பு வந்தால் மட்டும்தான் உறை திறக்கப்படும்; மற்ற இரண்டில் அது வெறும் அலங்காரப் பொருளாகச் சத்தமில்லாமல் மேசையை விட்டுப் போகவேண்டும்.

குழு இரும்பைத் தேர்ந்தது. உறை திறக்கப்பட்டது. கைதட்டல். பின் பத்து நிமிட இடைவேளை. இந்த வித்தையில் மிக முக்கியமான வேலை வெளிப்பாட்டுக்குப் பிறகுதான் இருக்கிறது: பயன்படாத விடைகளை யாரும் பார்க்காமல் அகற்றவேண்டும். மேடையில் அது எளிது, பார்வையாளர்கள் எழுந்து போய்விடுவார்கள். இங்கே அவர்கள் அதே மேசையில் அதே பொருள்களோடு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கப்போகிறவர்கள். மூடியிருப்பதைத் திறந்து பார்ப்பதே அவர்கள் ஆடும் ஆட்டம். தூரக்கணக்கு பார்க்க வரைபடத்தை எடுத்த ஒருவர் அதைத் திருப்பினார். “செம்பு, எனக்கு முன்பே தெரியும்” என்ற வரி அங்கே இருந்தது.

சிரிப்போடுதான் தொடங்கியது. விளக்கையும் தூக்கிப் பார்த்தார்கள். பின்பு போர்வீரனாக ஆடியவர் கேட்டார்: “அப்ப அன்னிக்கு நான் எடுத்த சீட்டு?” கேம் மாஸ்டர் பதில் சொல்லத் தயங்கினார். அந்தத் தயக்கமே பதிலாகிவிட்டது. அடுத்த கேள்வியை வேறொருவர் கேட்டார்: மறைப்பு அட்டைக்குப் பின்னால் உருட்டிய பகடைகள்?

கவனிக்கப்பட்டவை

பகடையில் கேம் மாஸ்டர் ஒருபோதும் கைவைத்ததில்லை. அதை நிரூபிக்கத்தான் வழியில்லை. இருபது முகப் பகடையில் மிகச் சாதகமான எண்ணான 20 விழ வாய்ப்பு இருபதில் ஒன்று; நீண்ட அமர்வில் நாலைந்து முறை விழுவது இயல்பு. முன்பு யாரும் கண்டுகொள்ளாத அந்த இருபதுகளை இப்போது ஆட்டக்காரர்கள் ஒவ்வொன்றாக நினைவுபடுத்தினார்கள்.

இதைவிடக் கவலைக்குரியது அடுத்த அமர்வில் தெரிந்தது. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் முன்பெல்லாம் அரைமணி நேரம் வாதாடும் குழு, “எதுல போனாலும் ஒண்ணுதான்” என்று நொடியில் ஒன்றைச் சொல்லிவிட்டது. ஆர்பிஜி உலகில் இதற்குப் பழைய பெயர் உண்டு, இல்யூஷனிசம்: எந்தப் பாதையில் போனாலும் அதே அரக்கனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, தேர்ந்தது நீங்கள்தான் என்று நம்பவைப்பது. சீட்டு ஃபோர்ஸும் கட்டமைப்பில் அதுவேதான். மேஜிக் காட்சியில் அது குற்றமில்லை. எடுத்த சீட்டு யாருடையதானாலும் பார்ப்பவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஆட்டத்திலோ அந்தச் சீட்டோடு ஒருவரின் பல மாத உழைப்பு கட்டப்பட்டிருக்கிறது. வித்தையின் தரத்தில் குறையே இல்லை. நன்றாகச் செய்யப்பட்டதால்தான் காயம் ஆழமானது.

எடுத்த முடிவுகள்

அரை அமர்வை ஒதுக்கிப் பேசினார்கள். முதலில், சீட்டு இயல்பாக எடுக்கப்பட்டதல்ல என்பதைக் கேம் மாஸ்டர் நேரடியாகச் சொன்னார். எப்படிச் செய்தார் என்று விளக்கவில்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. குழுவுக்குத் தேவைப்பட்டது எது உண்மைத் தேர்வு, எது அல்ல என்ற கணக்கு, செய்முறை அல்ல.

வாள் இழப்பை நடக்காததாக்கிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அது ஏற்கப்படவில்லை, ஏனென்றால் மற்ற நால்வரின் முடிவுகள் அதன்மேல் நின்றன. மாறாக, கதைக்குள்ளேயே குறிக்காரி இரண்டாம் முறை வந்தாள். சீட்டுகள் உறையிலிருந்து எடுக்கப்பட்டன. வேறோர் ஆட்டக்காரர் கலைத்தார். கேம் மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, முப்பதும் மேசையில் கவிழ்த்துப் பரப்பப்பட்டன. போர்வீரன் ஒன்றை எடுத்தார். ‘வறண்ட கிணறு’ வந்தது. பலன் பெரிதாக ஒன்றுமில்லை. வாள் திரும்பவில்லை, ஆனால் அதைத் தேடும் வழி திறந்தது. அதை அவர் முழுமனதோடு ஏற்றுக்கொண்டார்.

பகடை விஷயத்தில் பேச்சே இல்லை: எல்லாம் திறந்த தட்டில், எல்லார் கண்முன்னும். ரகசியமாக உருட்டவேண்டிய தருணங்களுக்கு, பாத்திரத்தின் இயல்பான கவனிப்பு எண்ணை எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. 10உடன் கவனிப்புத் திறனின் கூட்டுத்தொகை என்பது அந்த விதிகளிலேயே இருக்கிறது.

கைவித்தை நிறுத்தப்படவில்லை. அதற்கு எல்லை வகுக்கப்பட்டது: கதையில் ஏற்கெனவே முடிவாகிவிட்டதைக் காட்ட வித்தை வரலாம், முடிவு செய்ய வரக்கூடாது.

அதன் பின்

இந்த எல்லை எதிர்பாராத பக்கத்தில் பயன்பட்டது. குழுவின் கள்வன் பாத்திரத்தை ஆடியவருக்குக் கேம் மாஸ்டர் பிரெஞ்சு டிராப்பைக் கற்றுக்கொடுத்தார். ஐந்தாம் பதிப்பில் கைலாகவம் என்பது சுறுசுறுப்பைச் சார்ந்த ஒரு திறன். பகடைதான் அதைத் தீர்மானிக்கும். ஆகவே வரிசை முக்கியமானது. முதலில் பகடை, பிறகு வித்தை. உருட்டல் வென்றால் அவர் நாணயத்தை மறைப்பார். தோற்றால் அதே அசைவைச் செய்து, இடது கையை வேண்டுமென்றே திறந்து மாட்டிக்கொள்வதுபோல நடிப்பார். உருட்டல் வென்றும் அவர் விரல் நிஜமாகவே தடுமாறி நாணயம் கீழே விழுந்தது ஒருமுறை. கதையில் அது வெற்றிதான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். வரிசையை மாற்றி வித்தையை முதலில் செய்தால், விரல் வேகமுள்ள ஆட்டக்காரர் தன் பாத்திரத்துக்கு இல்லாத திறனைப் பெற்றுவிடுவார். விரல் மந்தமானவரின் பாத்திரம் காரணமில்லாமல் தண்டிக்கப்படும்.

இன்னொரு சேர்க்கை, வெப்பத்தில் அழியும் மைப் பேனா. அந்த மை சுமார் 60 டிகிரி செல்சியஸில் நிறம் இழக்கும், உறைநிலைக்குக் கீழே பத்து இருபது டிகிரி போனால் திரும்பும். கேம் மாஸ்டர் கடிதத்தின் நடுவரிகளை அந்த மையால் எழுதி, ஹேர் டிரையரால் மறைத்து, மற்ற வரிகளைச் சாதாரண மையால் எழுதிக் கொடுத்தார். பனி தேவதையிடம் கடிதத்தைக் காட்டுவது என்று ஆட்டக்காரர்கள் முடிவெடுத்தபின், அதை வீட்டு ஃப்ரீசரில் வைக்கச் சொன்னார். இடைவேளை முடிந்து எடுத்தபோது வரிகள் வந்திருந்தன. நிறம் முன்னைவிட மங்கல். அடர்ந்த நிறத்தில் தடித்த கோடாக எழுதினால்தான் படிக்க முடிகிறது. காகிதம் ஈரமாகாமல் பிளாஸ்டிக் பையில் வைப்பதும் அவசியம். இதில் யாருடைய தேர்வும் திருடப்படவில்லை.

பாதைப் பிரிவுகளில் பழைய வாதம் திரும்ப மூன்று அமர்வு பிடித்தது.

மாற்றவேண்டியவை

கேம்பெய்ன் தொடங்கும் முன் நடக்கும் பூஜ்ய அமர்விலேயே ஒரு வாக்கியம் போதும்: இந்த மேசையில் கைவித்தை வரும், பகடையிலும் உங்கள் தேர்விலும் வராது. இதனால் வியப்பு குறையும் என்ற அச்சம் வீண். வித்தை எப்போது வரும் என்பதும் எப்படி என்பதும் அப்போதும் யாருக்கும் தெரியாது.

ஒரே வித்தையை ஒரே கூட்டத்துக்கு இருமுறை காட்டாதே என்பது மேஜிக்காரர்களின் பாலபாடம். ஆர்பிஜியில் கூட்டம் மாறவே மாறாது. எனவே நான்கைந்து அமர்வுக்கு ஒரு வித்தை, அதுவும் வேறுவேறு கொள்கையில் அமைந்தவை என்று வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு நிமிடத்தைத் தாண்டும் வித்தை எவ்வளவு அழகானாலும் வேண்டாம். அந்த நேரம் முழுக்க நான்கு பேர் சும்மா இருக்கிறார்கள்.

பல விடை வித்தை இந்த மேசைக்கு ஏற்றதல்ல என்பதே எங்கள் கணிப்பு. பிடிவாதமாகச் செய்வதென்றால், ஆட்டக்காரர்கள் தொடக்கூடிய எந்தப் பொருளிலும் விடையை எழுதக்கூடாது. கேம் மாஸ்டரின் சட்டைப்பை, அவர் கையில் இருக்கும் குறிப்பேட்டின் கடைசிப் பக்கம் போன்ற இடங்கள் தகும். தேர்வின் விளைவு மூன்றிலும் வேறுவேறாக இருக்கவேண்டும். இரும்புச் சாவி திறக்கும் கதவும் செம்புச் சாவி திறக்கும் கதவும் ஒன்றாக இருந்தால், வித்தை பிடிபடாவிட்டாலும் அது ஃபோர்ஸ்தான்.

ஃபோர்ஸ் கற்ற கேம் மாஸ்டர்கள் அதைக் கதையின் நிறத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம். குறிக்காரியின் சீட்டு ஆட்டக்காரரின் பாத்திரம் பிறந்த ஊரையோ, அவர் முன்பே எழுதிக் கொடுத்த பின்கதையில் வரும் ஓர் ஆளையோ காட்டட்டும். அங்கே சீட்டு திணிக்கப்பட்டது என்று பிறகு தெரிந்தாலும் யாருக்கும் இழப்பில்லை. ஆயுதம், உயிர், பொருள், பாதை ஆகியவற்றைத் தொடும் சீட்டை ஆட்டக்காரரே கலைத்து, ஆட்டக்காரரே எடுக்கட்டும்.